ஒரு குழந்தைக்கு ஒரு தேதி போதும்: ஸ்கேன் அறிக்கை எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கதிரியக்க மருத்துவர்களுக்கும், ஸ்கேன் அறையில் கருவியைக் கையில் பிடிப்பவர்களுக்கும், அந்த அறிக்கையைப் படித்து முடிவெடுக்கும் மகப்பேறு மருத்துவர்களுக்கும்,

வணக்கம்.

என் மகளுக்கு இப்போது நான்கு வயது. அவள் பிறப்பதற்கு முன்பே தொடங்கிய அவளுடைய மருத்துவக் கோப்பு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. அவள் பிறக்க வேண்டிய நாள் என்று அதில் நான்கு தேதிகள் உண்டு. ஆகஸ்ட் 6, ஆகஸ்ட் 14, ஆகஸ்ட் 16, ஆகஸ்ட் 31. முதல் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் இடையே 25 நாள். ஒரே வயிறு, ஒரே குழந்தை, ஒரே கோப்பு.

நான் மருத்துவம் படித்தவள் இல்லை. பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். இந்த மடலில் உங்களிடம் கேட்கப்போவது ஒன்றே ஒன்றுதான். கருவின் வயதை முதல் நல்ல ஸ்கேனில் ஒருமுறை உறுதி செய்துவிட்டால், அதற்குப் பிறகு வரும் எந்த அறிக்கையிலும் புதிதாக ஒரு பிரசவ தேதியை அச்சிடாதீர்கள். அச்சிடுவது ஒரு வரிதான். அந்த ஒரு வரி என் மகளுக்கு என்ன செய்யப் பார்த்தது என்பதைச் சொன்னால், நான் ஏன் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்பது உங்களுக்குப் புரியும்.

முதல் தேதி ஆகஸ்ட் 6. அது மாதவிடாய்க் கணக்கில் வந்தது. எனக்குக் கடைசியாக மாதவிடாய் வந்தது அக்டோபர் 30. அதிலிருந்து 280 நாள் எண்ணினால் ஆகஸ்ட் 6. மூன்று மாதம் பின்னால் போய் ஏழு நாள் கூட்டும் அந்த வழி, ஜெர்மானிய மருத்துவர் நெய்கலேயின் பெயரில் இன்றும் உலகம் முழுக்கப் புழங்குகிறது. எளிய கணக்கு, கையிலேயே போடலாம். ஆனால் அதற்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. எல்லாப் பெண்களுக்கும் 28 நாளுக்கு ஒருமுறை மாதவிடாய் வரும், பதினான்காம் நாள் வாக்கில் கருமுட்டை வெளிவரும் என்ற நம்பிக்கை. எனக்கு 35, 36 நாள் ஆகும். அதைப் பதிவுச் சீட்டில் எழுத இடமும் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. தேதியே சரியாக நினைவில்லாத பெண்கள், பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி கருவுற்றவர்கள், கருத்தடை மாத்திரையை நிறுத்திய கையோடு கருவுற்றவர்கள் எல்லோருக்கும் அதே 280 நாள்தான்.

இரண்டாவது தேதியைச் சொன்னது ஜனவரி 9 அன்று எடுத்த முதல் ஸ்கேன். மாதவிடாய்க் கணக்குப்படி அன்று எனக்கு 10 வாரம் 1 நாள். திரையில் இருந்த சின்ன உருவத்தின் உச்சியிலிருந்து பிட்டம் வரை அளந்தால் 23 மில்லிமீட்டர். அட்டவணைப்படி அது 9 வாரம். எட்டு நாள் வித்தியாசம். என் மாதவிடாய்ச் சுழற்சி 28 நாளைவிட ஏழெட்டு நாள் நீளம் என்பதோடு அது அப்படியே பொருந்தியதை வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அன்று பார்த்த மருத்துவர் பொறுமையாக விளக்கினார். ஒன்பதாவது வாரத்துக்கு முன் எடுத்த ஸ்கேன் என்றால் ஐந்து நாளுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஸ்கேன் தேதியை எடுத்துக்கொள்வார்கள். 9 முதல் 14 வாரத்துக்குள் என்றால் ஏழு நாளுக்கு மேல். அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் அமைப்பு 2017-இல் வெளியிட்ட வழிகாட்டியில் இந்த எல்லைகள் இருக்கின்றன. எட்டு நாள் என்பதால் என் தேதி ஆகஸ்ட் 14 ஆனது. அதுதான் சரியான தேதி. அதோடு இந்தக் கதை முடிந்திருக்க வேண்டும்.

அந்த 23 மில்லிமீட்டரை ஏன் நம்பலாம் என்று பிறகு தேடித் தேடிப் படித்தேன். அல்ட்ராசவுண்டை மகப்பேறுக்குக் கொண்டுவந்த அயன் டொனால்டும் அவருடைய குழுவும் 1958-இல் தங்கள் முதல் பெரிய கட்டுரையை வெளியிட்டது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து. அதே ஊரில் 1973-இல் ஹியூ ராபின்சன் கருவின் உச்சி-பிட்ட நீளத்தை அளந்து வயதைச் சொல்லும் முறையைக் கொண்டுவந்தார். நீங்கள் சிஆர்எல் என்று எழுதுவது அதைத்தான். இரண்டு ஆண்டு கழித்து அவரும் ஃபிளெமிங்கும் அதன் துல்லியத்தைக் கணக்கிட்டார்கள். ஒரே ஒரு அளவை வைத்துச் சொன்னால் நூற்றுக்கு 95 பேருக்கு 4.7 நாளுக்குள் சரியாக இருக்கும். தனித்தனியாக மூன்று முறை அளந்து சராசரி எடுத்தால் 2.7 நாளுக்குள். ஐம்பது ஆண்டுக்கு முந்தைய கருவி, மங்கலான திரை. அதில் இவ்வளவு துல்லியம்.

அதற்குக் காரணம் கருவியில் இல்லை, கருவில் இருக்கிறது. முதல் மூன்று மாதத்தில் எல்லாக் கருவும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்கிறது. உயரமான அம்மா, குட்டையான அம்மா, பின்னால் நாலு கிலோவில் பிறக்கப்போகும் குழந்தை, இரண்டரைக் கிலோவில் பிறக்கப்போகும் குழந்தை என்ற வித்தியாசமெல்லாம் அப்போது கிட்டத்தட்ட இல்லை. அந்த வாரங்களில் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளர்கிறது. அளவில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் தேதியில் ஒரு நாள்தான் பிசகும். எனக்கு இதைப் படித்தபோது சிலிர்த்தது. இனி வாழ்நாளில் எப்போதும் அவள் மற்றவர்களோடு இவ்வளவு ஒத்துப்போய் வளரப்போவதில்லை. வயதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல நேரம் வராது.

அந்த அளவையும் ஒழுங்காக எடுக்க வேண்டும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குழந்தை சுருண்டிருந்தால் நீளம் குறையும், நிமிர்ந்து நீட்டியிருந்தால் கூடும். முகவாய்க்கும் மார்புக்கும் நடுவே நீர் தெரிய வேண்டும், பக்கவாட்டில் முழு உருவமும் படத்தில் கிடக்க வேண்டும், மஞ்சள்கருப் பையையோ காலையோ சேர்த்து அளந்துவிடக் கூடாது. நீளம் 84 மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டால் அதை விட்டுவிட்டுத் தலைச் சுற்றளவுக்குப் போக வேண்டும். குழந்தை இன்னும் தெரியாமல் கருவைச் சுற்றியுள்ள பை மட்டும் தெரியும் நாளில், அந்தப் பையின் அளவை வைத்துப் பிரசவ தேதி எழுதக் கூடாது. எங்களில் பலர் இந்தப் பை அளவிலிருந்து வந்த தேதியைத்தான் முதல் தேதியாக வைத்துக்கொண்டு திரிகிறோம். இரண்டு வாரம் பொறுத்து மறுபடி வரச் சொல்லுங்கள். வருவோம்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அறிக்கையில் 9 வாரம் என்று இருந்தால், கரு உண்டாகி 9 வாரம் என்றுதான் நாங்கள் படிக்கிறோம். உண்மையில் கரு உண்டாகி ஏழு வாரம்தான். ஸ்கேன் அட்டவணையும் மாதவிடாய்க் கணக்கின் மொழியிலேயே பேசுகிறது, அந்த இரண்டு வாரம் முன்கூட்டியே சேர்க்கப்பட்டிருக்கிறது. இதைத் தெரியாமல், கணவர் வெளியூரில் இருந்த தேதியோடு ஒப்பிட்டு அழுத ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். ஸ்கேன் அறையில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும், அந்த அழுகை வந்திருக்காது.

சரி, கதைக்கு வருகிறேன்.

மார்ச் 27 அன்று உடலுறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன். ஆகஸ்ட் 14 கணக்கில் அன்று எனக்குச் சரியாக 20 வாரம். தலை, வயிறு, தொடை எலும்பு எல்லாம் அளந்து கணினி சொன்னது 19 வாரம் 5 நாள். இரண்டே நாள். அந்த வாரத்தில் பத்து நாள் வரை முன்பின் இருப்பது இயல்பு. ஆகவே இது மிக நல்ல செய்தி: குழந்தை எதிர்பார்த்தபடி வளர்கிறது, தேதியும் உறுதி. ஆனால் அறிக்கையின் கடைசி வரியில் தடித்த எழுத்தில் "ஈடிடி: ஆகஸ்ட் 16" என்று இருந்தது. ஈடிடி என்றால் எதிர்பார்க்கும் பிரசவ தேதி. நாங்கள் அந்த நல்ல செய்தியைப் படிக்கவில்லை, தேதியைத்தான் படித்தோம். நாள் தள்ளிப் போயிருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் சொன்னோம். தீங்கு ஒன்றும் இல்லைதான். ஆனால் அந்த வரியிலிருந்து ஒரு பழக்கம் தொடங்கியது. தேதி என்பது ஸ்கேனுக்கு ஸ்கேன் மாறும், கடைசியாக வந்ததுதான் சரி என்று நினைக்கத் தொடங்கினோம். நாங்கள் மட்டும் இல்லை.

ஜூன் 19. ஆகஸ்ட் 14 கணக்கில் 32 வாரம். அன்றைய அளவுகளை அப்படியே தருகிறேன், நீங்களே பாருங்கள். தலையின் குறுக்களவு 30 வாரம் 1 நாள். தலைச் சுற்றளவு 30 வாரம் 3 நாள். தொடை எலும்பு 29 வாரம் 6 நாள். வயிற்றுச் சுற்றளவு 27 வாரம் 6 நாள். நான்கையும் கூட்டி நான்கால் வகுத்தால் 29 வாரம் 4 நாள். அறிக்கையின் முடிவுரை: "29 வாரம் 4 நாள் வளர்ச்சியுள்ள ஒற்றைக் கரு, நல்ல இதயத்துடிப்பு, ஈடிடி ஆகஸ்ட் 31."

அன்று பணியில் இருந்த இளம் மருத்துவர் கடைசி அறிக்கையை மட்டும் பார்த்தார். "தேதி கொஞ்சம் தப்பா போட்டிருக்காங்கம்மா, உங்களுக்கு இன்னும் முப்பது வாரமே ஆகலை, குழந்தை நல்லா இருக்கு, நாலு வாரம் கழிச்சு வாங்க" என்றார். கனிவாகத்தான் சொன்னார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் கையில் இருந்த காகிதம் அப்படித்தான் சொன்னது. நிம்மதியாக வீட்டுக்கு வந்தோம்.

அன்றிரவு வீட்டுப்பாட நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தபோது ஒன்று உறைத்தது. கணக்கு சொல்லிக்கொடுக்கிறவளுக்கு அது மதியமே உறைத்திருக்க வேண்டும்.

அந்தக் கணினி எப்படி வயதைச் சொல்கிறது? தேதி உறுதியாகத் தெரிந்த பல குழந்தைகளை அளந்து, இத்தனை வாரத்தில் சராசரியாக இந்த அளவு என்று ஒரு வளைகோடு வரைந்து வைத்திருக்கிறார்கள். என் குழந்தையின் அளவைக் கொடுத்தால், எந்த வாரத்துச் சராசரிக் குழந்தைக்கு இந்த அளவு இருக்கும் என்று பின்னோக்கிப் பார்த்து அந்த வாரத்தைச் சொல்கிறது. அதாவது, இந்தக் குழந்தை சராசரிக் குழந்தை என்பதை முதலில் எடுத்துக்கொண்டு, அப்புறம்தான் வயதைச் சொல்கிறது. இப்போது அந்த வயதை எடுத்துக்கொண்டு, இந்த வயதுக்கு இந்தக் குழந்தையின் வளர்ச்சி சரியா என்று கேட்டால் என்ன பதில் வரும்? சரி என்றுதான் வரும். எப்போதும் வரும். எவ்வளவு சின்னக் குழந்தையாக இருந்தாலும் வரும். நிரூபிக்க வேண்டியதையே எடுகோளாக எடுத்துக்கொண்டு ஒரு மாணவன் கணக்குப் போட்டால் நான் சிவப்பு மையால் அடிப்பேன். ஜூன் 19 அறிக்கை என் குழந்தைக்கு அதைத்தான் செய்திருந்தது. வளர்ச்சி குன்றிய குழந்தையை, வயது குறைந்த குழந்தை என்று எழுதிவிட்டது.

கிளாஸ்கோவில் அளந்த அளவும் அளவுதான், ஜூன் 19 அளவும் அளவுதான். வித்தியாசம் வாரத்தில் இருக்கிறது. ஒன்பதாவது வாரத்தில் எல்லாக் கருவும் ஒரே அளவில் இருப்பதால், அளவைப் பார்த்து வயதைச் சொல்ல முடியும். முப்பத்திரண்டாவது வாரத்தில் குழந்தைக்குக் குழந்தை அளவு மாறிவிட்டது. பரம்பரை, அம்மாவின் உடல்நிலை, நஞ்சுக்கொடி எவ்வளவு ஊட்டம் கொடுக்கிறது என்பதெல்லாம் உடலில் எழுதப்பட்டுவிட்டது. பத்து வயதுப் பிள்ளைகளை உயர வரிசையில் நிறுத்தி, குட்டையாக இருப்பவனிடம் "உனக்கு எட்டு வயதுதான்" என்று யாரும் சொல்ல மாட்டோம். எட்டு வயதுப் பையன் அளவுக்கு ஏன் இருக்கிறான் என்று கவலைப்படுவோம்.

அளவில் வரும் பிசகும் அப்போது பெரிதாகிறது. தலையின் குறுக்களவு நடு மாதங்களில் வாரத்துக்கு ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் கூடுகிறது, கடைசி மாதங்களில் இரண்டுகூட இல்லை. அங்கே திரையில் அளவெடுக்கும் காலிபர் குறி இரண்டு மூன்று மில்லிமீட்டர் நகர்ந்தால் ஒரு வாரத்துக்கு மேல் போய்விடும். குழந்தை தலைமேலாக இருந்தாலோ, நீர் குறைவாக இருந்தாலோ தலை நீள்வாட்டில் ஒடுங்கி, குறுக்களவு இன்னும் குறைந்து காட்டும். இதெல்லாம் சேர்ந்துதான் கடைசி மூன்று மாதத்தில் ஸ்கேன் சொல்லும் வயது மூன்று வாரம் வரை முன்பின் இருக்கலாம் என்று உங்கள் வழிகாட்டிகள் சொல்கின்றன. 28 வாரத்துக்கு மேல், அதற்கு முன் ஸ்கேனே எடுக்காத பெண்ணுக்குக்கூட, 21 நாளுக்கு மேல் வித்தியாசம் இருந்தால்தான் மாதவிடாய்த் தேதியை மாற்றலாம் என்கின்றன. எனக்கு முதல் ஸ்கேன் இருந்தது. வித்தியாசம் 17 நாள். மாற்றுவதற்கு எந்த வழிகாட்டியிலும் இடமில்லை. ஆனாலும் அறிக்கையில் தேதி மாறிவிட்டது, யாரும் முடிவெடுக்காமலேயே.

மறுநாள் ஜனவரி 9 அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு மூத்த மருத்துவர் ஒருவரைப் பார்க்கப் போனேன். அவர் ஜூன் அறிக்கையின் கடைசி வரியைப் பார்க்கவே இல்லை. முதல் ஸ்கேன் தேதியிலிருந்து விரல்விட்டு எண்ணி 32 வாரம் என்றார். அந்த வாரத்துக் கோட்டில் வயிற்றுச் சுற்றளவைப் புள்ளி வைத்தார். அதே வாரத்தில் இருக்கும் நூறு குழந்தைகளைச் சிறியதிலிருந்து வரிசையாக வைத்தால், என் மகள் முதல் மூன்றுக்குள் வந்தாள். நான்கு அளவுகளில் வயிறுதான் அதிகம் பின்தங்கியிருந்தது என்பதையும் சுட்டிக்காட்டினார். ஊட்டம் குறையும்போது குழந்தை மூளையைக் காப்பாற்றிக்கொண்டு ஈரலில் சேர்த்து வைத்ததைச் செலவழிக்கும், அதனால் வயிறு முதலில் சுருங்கும் என்றார். நான்கையும் கூட்டிச் சராசரி எடுத்தபோது அந்தச் செய்தி காணாமல் போயிருந்தது.

அன்றே இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள். தொப்புள்கொடி இரத்தக்குழாயில் ஓட்டத்துக்குத் தடை கூடியிருந்தது. அதன்பின் ஐந்து வாரம் வாரத்துக்கு இரண்டு முறை போனேன். ஜூலை 24, 37 வாரம் நிறைந்த அன்று, இனி உள்ளே இருப்பதைவிட வெளியே வருவது நல்லது என்று முடிவெடுத்தார்கள். 1 கிலோ 920 கிராம். அழுதாள். அந்த அழுகையை நான் மறக்க மாட்டேன்.

ஆகஸ்ட் 31-ஐ நம்பியிருந்தால் ஜூலை 24 அன்று எங்களுக்கு 34 வாரம் 4 நாள். "இன்னும் மாதம் நிறையவில்லை, பொறுங்கள்" என்று சொல்லியிருப்பார்கள். நியாயமாகவே சொல்லியிருப்பார்கள்.

இது என் வீட்டுக் கதை. எதிர்ப்பக்கத்திலும் கதைகள் உண்டு. தாமதமாகக் கருமுட்டை வெளிவரும் பெண்ணுக்கு முதல் ஸ்கேன் எடுக்காமல் மாதவிடாய்த் தேதியையே வைத்துக்கொண்டால், 41 வாரத்தில் இருப்பவளை 42 தாண்டிவிட்டது என்று சொல்லி வலி வரவழைக்கிறோம். ஆரம்பத்திலேயே ஸ்கேன் எடுத்தால் நாள் கடந்துவிட்டது என்பதற்காக வலி வரவழைப்பது குறைகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். குறைமாதம் என்று பயந்து நுரையீரல் முதிர்ச்சிக்கான ஸ்டீராய்டு ஊசி போடுவதற்கு உலக சுகாதார நிறுவனம் 24 முதல் 34 வாரம் என்று எல்லை வகுத்திருக்கிறது. அதற்கு வைத்திருக்கும் நிபந்தனைகளில் ஒன்று, கருவின் வயது துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பது. 37-க்கு முன் என்றால் குறைமாதம், 42 ஆனால் நாள் கடந்தது, 34-க்குள் ஊசி. இந்த எண்கள் எல்லாம் ஒரே தேதியின் மேல் நிற்கின்றன. அடியில் இருப்பது நகர்ந்தால் மேலே இருப்பது எல்லாம் நகரும்.

அந்த நிறுவனமே 2016-இல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் 24 வாரத்துக்கு முன் ஒரு ஸ்கேனாவது எடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதற்குச் சொன்ன காரணங்களில் முதலாவது வயதைச் சரியாகக் கணிப்பதுதான்.

ஏழாம் மாதத்தில்தான் முதல்முதலாக வருகிறவர்கள் இருக்கிறார்கள். தேதி நினைவில்லை, ஸ்கேனும் இல்லை. அவர்களுக்கு ஏதாவது ஒரு தேதி எழுதித்தான் ஆக வேண்டும், புரிகிறது. ஆனால் அந்தத் தேதியை, 23 மில்லிமீட்டரிலிருந்து வந்த தேதி போலவே, அதே தடித்த எழுத்தில் எழுதாதீர்கள். "28 வாரம்" என்று எழுதும் இடத்தில் "25 முதல் 31 வாரத்துக்குள்" என்று எழுதுங்கள். 22 வாரத்துக்கு முன் ஸ்கேன் எடுத்து உறுதி செய்யாத தேதியை அரைகுறையாகக் கணிக்கப்பட்ட தேதி என்றே வழிகாட்டிகள் சொல்கின்றன, அதை அறிக்கையிலும் சொல்லிவிடுங்கள். மூன்று நான்கு வாரம் கழித்து மறுபடி அளந்தால், இடையில் எவ்வளவு வளர்ந்தது என்று தெரியும். வயது குறைந்த குழந்தை தன் வேகத்தில் வளர்ந்திருக்கும், வளர்ச்சி குன்றிய குழந்தை பின்தங்கியிருக்கும். சிறுமூளையின் குறுக்களவையும் சேர்த்துப் பார்க்கலாம். நடு மாதங்களில் அது எத்தனை மில்லிமீட்டரோ ஏறத்தாழ அத்தனை வாரம். வளர்ச்சி குன்றினாலும் அது மற்ற அளவுகள் போல எளிதில் குறைவதில்லை.

சோதனைக் குழாய் முறையில் கருவுற்றவர்களுக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது. ஐந்து நாள் வளர்ந்த கருவைக் கருப்பையில் வைத்த நாளிலிருந்து 261 நாள், மூன்று நாள் கரு என்றால் 263 நாள். அவர்களுக்கும் ஸ்கேன் இயந்திரம் புதிய தேதி அச்சிடுகிறது. கருவுற்ற நாளே தெரிந்த ஒருவருக்கு இதைவிடக் குழப்பம் வேறு என்ன வேண்டும்? இரட்டையர் என்றால் இருவரில் பெரிய குழந்தையின் சிஆர்எல்லை வைத்து ஒரே தேதி. சிறிய குழந்தைக்கென்று தனியாக ஒரு தேதி அச்சிட்ட அறிக்கையையும் பார்த்திருக்கிறேன்.

எந்த அட்டவணை என்பதையும் எழுதுங்கள். பல இயந்திரங்களில் இருப்பது ஃபிராங்க் ஹாட்லாக் குழுவினர் 1984-இல் அமெரிக்காவில் நடுத்தர வர்க்க வெள்ளையினப் பெண்களை அளந்து உருவாக்கிய கணக்கு. 2014-இல் இந்தியா, கென்யா, பிரேசில், சீனா, ஓமன், இத்தாலி, பிரிட்டன், அமெரிக்கா என எட்டு நாடுகளில் ஆரோக்கியமான தாய்மார்களை ஒரே முறையில் அளந்து இன்டர்குரோத் 21 என்ற திட்டத்தில் புதிய அட்டவணைகள் வந்தன. எது சிறந்தது என்று நீங்கள் விவாதித்துக்கொள்ளுங்கள், அது என் அறிவுக்கு மேலான விஷயம். ஆனால் ஒரே தலையை இரண்டு அட்டவணையில் போட்டால் இரண்டு வயது வருகிறது. ஒரு மையத்தில் ஒன்று, இன்னொரு மையத்தில் வேறொன்று என்றால், குழந்தை வளர்ந்ததா, அட்டவணை மாறியதா என்று யாருக்குத் தெரியும்?

உங்கள் பக்கத்துச் சங்கடமும் எனக்குத் தெரியாமல் இல்லை. இதைப் பற்றிப் பேசிய கதிரியக்க மருத்துவர் ஒருவர் சொன்னார்: "நாங்க எழுதலைங்க, மெஷின் தானா போடுது. பழைய ரிப்போர்ட்டை யாரும் கொண்டு வர்றதில்லை. தேதி போடலைன்னா ஏன் போடலைன்னு கேட்டு திருப்பி அனுப்புறாங்க." மூன்றுமே உண்மையாக இருக்கலாம். வெளியே வரிசையில் ஆட்கள் காத்திருக்கும்போது ஒவ்வொருவரிடமும் பழைய சீட்டைக் கேட்டு உட்கார முடியாது என்பதும் உண்மை. ஆனால் அந்த இயந்திரத்தில், தொடங்கும்போதே மாதவிடாய்த் தேதிக்குப் பதிலாக முன்பு உறுதி செய்த ஈடிடியைக் கொடுக்க ஓர் இடம் இருக்கிறது. அதைக் கொடுத்துவிட்டால், அது குழந்தையின் உண்மையான வாரத்தை எடுத்துக்கொண்டு, அந்த வாரத்தில் இந்த அளவு எங்கே நிற்கிறது என்று சொல்லும். வளர்ச்சியைப் பற்றிய கேள்விக்கு வளர்ச்சியைப் பற்றிய பதிலே வரும். சில நொடி வேலை. பழைய சீட்டு இல்லை என்றால், "முந்தைய ஸ்கேன் பார்க்கப்படவில்லை, இந்த அளவுகளை வைத்துத் தேதியை மாற்ற வேண்டாம்" என்று ஒரு வரி அச்சிடுங்கள். ஜூன் 19 அன்று அந்த வரி இருந்திருந்தால் அந்த இளம் மருத்துவர் கோப்பைப் பின்னால் புரட்டியிருப்பார் என்று உறுதியாக நம்புகிறேன்.

இந்த இயந்திரங்களுக்கு மென்பொருள் எழுதுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். முதல் மூன்று மாதம் தாண்டிய ஸ்கேனில் புதிய பிரசவ தேதி தானாக அச்சாகாமல் இருப்பதையே இயல்பு நிலையாக வையுங்கள். தேவைப்படும் மருத்துவர் அதைத் தேடிப் போய்ப் போட்டுக்கொள்ளட்டும்.

மகப்பேறு மருத்துவர்களே, தேதியை வைத்திருப்பது நீங்கள்தான். ஸ்கேன் மையம் பத்து தேதி அனுப்பினாலும், கோப்பின் முதல் பக்கத்தில் ஒரு தேதி, அது எப்படி வந்தது என்ற காரணம், அன்றைய அளவு, அன்றைய நாள் இவை இருந்தால், பணி மாறி வருகிற யாரும் தடுமாற மாட்டார்கள். அதை எங்களிடமும் சொல்லிவிடுங்கள். எங்களுக்குப் புரியாது என்று நினைக்காதீர்கள். முதல் ஸ்கேன் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள், ஒவ்வொரு முறையும் அதைக் கொண்டு வா, மற்ற சீட்டில் இருக்கும் தேதியைப் பொருட்படுத்தாதே என்று சொன்னால் போதும். அந்தச் சீட்டை நாங்கள் எதைவிடவும் பத்திரமாக வைத்துக்கொள்வோம்.

மகளின் கோப்பில் அந்த நான்கு தேதிகளில் மூன்றின் மேல் நீல மையால் கோடு இழுத்திருக்கிறது. மூத்த மருத்துவர் இழுத்த கோடு. முன் அட்டையில் அவர் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: "ஈடிடி ஆகஸ்ட் 14. ஜனவரி 9, சிஆர்எல் 23 மிமீ. மாற்றக் கூடாது." ஜூன் 20 அன்று எழுதியது. ஜனவரி 9 அன்றே எழுதியிருக்கலாம். உங்களிடம் முதல் ஸ்கேனுக்கு வருகிற பெண்ணுக்கு அன்றே எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய், கணக்கு ஆசிரியை